தோட்டா இல்லாத துப்பாக்கி: குழல்விட்டமும் இந்திய ஆயுதச் சட்டமும்

1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உதம் சிங் தம் ரிவால்வரிலிருந்து ஆறு முறை சுட்டார். மேடையருகே நின்றிருந்த மைக்கேல் ஓ'டயர் இரண்டு குண்டுகள் பாய்ந்து இறந்தார். 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் அவர். எஞ்சிய குண்டுகளால் இந்தியாவுக்கான அமைச்சர் ஜெட்லண்ட் பிரபு, பம்பாயின் முன்னாள் ஆளுநர் லாமிங்டன் பிரபு, லூயிஸ் டேன் ஆகிய மூவரும் காயமடைந்தனர், மூவரும் பிழைத்தனர். மிகக் குறைந்த தொலைவில் சுடப்பட்டும் அவர்கள் பிழைத்ததன் காரணம் வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. உதம் சிங்கிடம் இருந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பெரிய ரிவால்வர். அதில் இடப்பட்ட தோட்டாக்களோ பழையவை. அவற்றின் குண்டுகள் குழலின் உள்விட்டத்தைவிடச் சிறியவை.

குண்டு சிறுத்தால் வெடிமருந்தின் வாயு அதன் பக்கவாட்டில் கசிந்துவிடும். குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருள்வரிகள் குண்டைப் பற்றிச் சுழற்ற இயலாது. வேகமும் குறையும், குறியும் தவறும். உதம் சிங் வரலாற்றை எழுதியோர் பலர் இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். உண்மையில் அது காலனிய இந்தியாவின் ஆயுத வரலாறு முழுவதற்கும் ஒரு திறவுகோல். துப்பாக்கியைக் கைப்பற்றுவது வேறு. அதற்குப் பொருந்தும் தோட்டாவைப் பெறுவது வேறு. அரசு இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. அதனை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் பட்டறிவால் அறிந்துகொண்டனர்.

பிரிட்டிஷ் படை 1868இல் .450 ஆடம்ஸ் ரிவால்வரையும், 1880இல் .476 என்ஃபீல்டையும், 1887இல் .455 வெப்லியையும் ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் படை அதிகாரிகள் தம் ரிவால்வரைத் தம் செலவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த நிறுவனத்தின் துப்பாக்கியாகவும் இருக்கலாம். அரசுத் தோட்டாவை ஏற்க வேண்டும் என்பதே நிபந்தனை. பேரரசின் ஒருமைப்பாடு துப்பாக்கியின் வடிவில் இல்லை, தோட்டாவின் அளவில் இருந்தது என்று சொன்னால் அது மிகையன்று. வெப்லி ஏற்கப்பட்ட அதே 1887இல்தான் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்துக்கு எதிராகப் பேசினார். லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் இயற்றப்பட்ட அச்சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அன்றைய எதிர்ப்பின் மையம் இந்த இனப் பாகுபாடே. தோட்டாவின் அளவு பற்றி எவரும் அப்போது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கவலை அரசுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் .450 அளவினவே. வேட்டைக்காரரின் தோட்டாவோ குண்டோ கலகக்காரரின் மார்ட்டினிக்குத் தீனியாகலாம் என்பதே அச்சம். விளைவு வேடிக்கையானது. லண்டனின் உயர்குடித் துப்பாக்கித் தொழிலகங்கள் இந்தியச் சந்தையை இழக்க மனமின்றி .465, .470, .475 எனப் புதிய அளவுகளை உருவாக்கின. இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் அந்த அளவுகளுக்கு இந்தியாவில் பிறந்த ஓர் அரசாணையே மூலம். ஆங்கிலத்தில் எழுதப்படும் வேட்டை நூல்கள் இதை ஒரு சுவையான துணுக்காகவே சொல்லிச் செல்கின்றன. குடிமக்களின் தோட்டாவும் படைத் தோட்டாவும் ஒன்றாக இருக்கலாகாது என்னும் கொள்கை இங்கே நடைமுறைக்கு வந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

அதே கொள்கை காவலரின் கைக்கும் வந்தது. இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் .410 அளவுள்ள, சுருள்வரியற்ற மஸ்கட்டுகளாக மாற்றப்பட்டன. அவற்றின் குழல் படையின் .303 தோட்டாவுக்குப் பொருந்தாது. காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கி களவு போனாலும் படையின் தோட்டா அதற்குப் பயன்படாது.

புரட்சியாளர் பக்கத்தில் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்கள் கைப்பற்றப்பட்டன. அவற்றோடு 46,000 தோட்டாக்களும் சேர்ந்து வந்தன. மவுசரின் தோட்டா பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டா அன்று. ஆகையால் அந்த 46,000 இல்லையேல் அந்த 50 பிஸ்டல்களும் இல்லாதவை போலவே. 54 குற்றச் செயல்களில் அந்தப் பிஸ்டல்கள் பயன்பட்டதாக ரௌலட் குழு அறிக்கை கணக்கிட்டது. 1930 ஏப்ரல் 18 இரவில் சிட்டகாங்கில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சூர்யா சென்னின் குழுவினர் துணைப்படையின் ஆயுதக் கிடங்கைத் திட்டமிட்டபடியே பிடித்தனர். லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் ரைஃபிள்களும் கையில் கிடைத்தன. அவற்றின் தோட்டாக்கள் கிடைக்கவில்லை. எழுச்சியின் போக்கையே அது மாற்றியது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இனப் பாகுபாட்டின் சுவடு சட்டத்தில் இல்லாமல் போயிற்று. குழல்விட்டப் பாகுபாடோ நிலைத்தது. இன்னும் துல்லியமாகவும் ஆயிற்று. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், .380, .455 விளிம்புத் தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர்களையும் 9 மி.மீ. படைத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல்களையும் தனி வகையில் வைத்தன. அவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. ஏனையவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் போதும். அலுவலக வழக்கில் பி.பி., என்.பி.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் பிரிவினை இதுதான். .380 என்பது 1930களில் .455க்கு மாற்றாக வந்த படைத் தோட்டா. நெடுங்காலம் இந்தியக் காவல்துறையிலும் இருந்தது. ஆகவே குடிமக்களுக்கு எஞ்சியது .32. அமெரிக்காவில் 1896இல் அறிமுகமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்னும் தோட்டா அதன் தாய்நாட்டில் இன்று ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் அதுவே உரிமதாரரின் இயல்பான அளவு. கான்பூரில் உருவாகும் .32 ரிவால்வரின் அமைப்பு வெப்லி மார்க் 4ஐத் தழுவியது. 2014இல் வெளிவந்த நிர்பீக்கும் .32தான்.

ஒரே வெப்லி வேறொரு நாட்டில் வேறு வாழ்வு பெற்றது. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற .455 வெப்லிகள் பலவற்றின் உருளை பின்புறம் இழைக்கப்பட்டது, எளிதில் கிடைக்கும்.45 ஏ.சி.பி. தோட்டாவை இடுவதற்காக. அத்தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கென வகுத்த அளவினும் மிகுதி. அவ்வாறு சுட்டுப் பழுதான துப்பாக்கிகள் உண்டு. இழைக்கப்படாத உருளைக்கு இன்று அங்கே கூடுதல் மதிப்பு. இத்தாலியின் ஃபியோக்கி போன்ற நிறுவனங்கள்.455 தோட்டாவைச் செய்வதால் அதைச் சுடவும் இயலும். இந்தியாவில் அதே வெப்லி தாத்தாவின் உரிமத்திலிருந்து பேரனின் உரிமத்துக்குக் கைமாறினாலும் தோட்டா தேடி அலைய வேண்டிய பொருள். 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி அடைபட்ட பின், .32 அளவுள்ள பழைய வெப்லிக்கும் கோல்ட்டுக்கும் விலை லட்சங்களில் ஏறியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

ஆவணங்களில் பணிபுரிவோர் ஒன்றைக் கருத வேண்டும். வழக்குப் பதிவுகளிலும் அருங்காட்சியகச் சீட்டுகளிலும் '.38 ரிவால்வர்' என்று மட்டும் எழுதியிருப்பது மிகுதி. .380 படைத் தோட்டாவும் .38 ஸ்பெஷலும் ஒன்றல்ல: முன்னதன் குண்டு சற்றுப் பருத்தது, கூடு குட்டையானது, பின்னதன் கூடு நீண்டு மெலிந்தது. உலகப் போரில் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்க ரிவால்வர்கள் சில, போருக்குப் பின் .38 ஸ்பெஷலுக்காகத் துளைக்கப்பட்டன. அவற்றில் சுடும்போது பித்தளைக் கூடு உப்பும், சில வேளை பிளக்கும். எனவே துப்பாக்கியின் பெயரைக் குறித்துக்கொள்வதோடு, உருளையின் அறை எத்தனை நீளம் என்பதையும், உடன் வைக்கப்பட்ட தோட்டாவின் அடிப்பகுதியில் பொறித்த எழுத்தையும் குறித்துக்கொள்வது பயனுடையது. கே.எஃப். என்றிருந்தால் அது 1869இல் புணேவுக்கு அருகில் நிறுவப்பட்ட கிர்க்கி தொழிற்சாலையின் சரக்கு. உடன் ஆண்டும் பொறித்திருந்தால் அது வழக்கின் ஆண்டுக்கு முந்தியதா பிந்தியதா என்பதை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.