1953இன் இரண்டு மானியங்கள்

"இன்னும் எத்தின வருஷத்துக்குக் குடுக்கிற?" ஸகாத் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். 2023இல் அஸ்வெசும சில பிரிவுகளுக்கு முடிவுத் திகதியோடு வந்தபோது நாடும் இதைத்தான் பேசியது. பழைய கேள்வி இது.

உலகப்போர்த் தட்டுப்பாட்டுக்காக 1942இல் வந்த கூப்பன் அரிசி, போர் முடிந்தும் நிற்கவில்லை. தற்காலிகமாகப் பிறந்தது உரிமையாகிவிட்டது. 1953 ஜூலையில் ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால், உயிர்கள் போயின, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1979இல் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். உணவு முத்திரையில் தொகையை அப்படியே வைத்தார்கள்; விலைவாசி ஏறியது. சத்தமில்லாமலே மானியம் கரைந்தது.

அதே 1953இல்தான் இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டமும் வந்தது. கேகாலை மாவட்டத்து நாம் ஏனோ இதைப் பேசுவதில்லை. பழைய மரத்தைத் தறித்துப் புதுக்கன்று வைத்தால், பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் காசு. அதுவும் நட்டதைப் பார்வையிட்ட பிறகு, தவணை தவணையாக. ஏற்றுமதி இறப்பர் மீதான செஸ் வரியே அதற்கு முதல். ஒரு காணிக்குத் தவணை முடிந்ததென்று யாரும் வீதிக்கு இறங்கவில்லை. திட்டம் நீடித்தது, ஒவ்வொரு ஏக்கருக்கும் அது தற்காலிகம்.

1989இன் ஜனசவிய இந்த முறையை மனிதருக்குப் போட்டுப் பார்த்தது. மாதம் 2,500 ரூபாய். 1,458 செலவுக்கு, மீதி சேமிப்புக்கு. 24 மாதத்தில் ஏறத்தாழ 25,000 ரூபாய் முதல் சேரும், குடும்பம் எழுந்து நிற்கும் என்பது கணக்கு. இறப்பர் கன்றுக்கே ஆறேழு வருஷம் என்றால், ஒரு குடும்பத்துக்கு 24 மாதம் என்று யார் கணித்தாரோ! 1995இல் சமுர்த்தி வந்தபோது அந்தக் காலக்கெடு இருக்கவில்லை.

இமாம் நவவீ 'அல்-மஜ்மூஃ'வில் இதை வேறு விதமாகப் பிரிக்கிறார். தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவிகளை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும். உழைக்க வழியற்றவருக்கோ, வழமையான ஆயுள் முழுவதற்கும் போதுமானதை. காலத்தை முடிவுசெய்வது கொடுப்பவரின் பொறுமை அல்ல, வாங்குபவரின் நிலை.

எங்கள் பட்டியலில் போன முறை தையல் மெஷின் கேட்ட பிள்ளையும் பார்வை இழந்த முதியவரும் ஒரே நிரலில் இருந்தார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே வருஷக் கணக்கு. நிரலை இரண்டாக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.