பாக்பிர்ரா: பைரவராகிய தீர்த்தங்கரர்

கொல்கத்தாவை அடுத்துள்ள சாந்த்ராகாச்சி சந்திப்பிலிருந்து கரக்பூர், ஆத்ரா வழியாக மேற்கே செல்லும் இருப்புப்பாதை புருலியாவை அடைகிறது. பழைய மான்பூம் நிலப்பகுதி இது. இங்குப் புஞ்சா வட்டாரத்தில் உள்ள பாக்பிர்ரா என்னும் சிற்றூர், வங்கத்துச் சமணத்தின் எச்சங்களுள் தலையாயது.

இவ்வூரில் மூன்று கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றினருகே, ஏறத்தாழ ஏழரை அடி உயரத்தில், ஆடையின்றி, கைகளைத் தொங்கவிட்டு நின்ற கோலத்தில் ஒரு தீர்த்தங்கரர். தாமரைச் சின்னத்தைக் கொண்டு அவரை ஆறாம் தீர்த்தங்கரர் பத்மபிரபர் என்பர் அறிஞர். ஊராருக்கோ அவர் பைரவர்.

தமிழருக்கு இது புதிதன்று. குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணப் பள்ளி பகவதி கோயிலாயிற்று. தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் பாறையில் அப்படியே உள்ளன. பெயர் மாறியதை இழப்பென்று மட்டும் கொள்வதற்கில்லை. வழிபடுவார் இருந்தமையால் சிற்பத்துக்குக் காவலும் இருந்தது.

அக்காவல் வாய்க்காத ஊர் தேல்குபி. தாமோதர் ஆற்றங்கரையில் இருந்த இக்கோயில் நகரை 1872-73ஆம் ஆண்டுப் பயணத்தில் பெக்லர் கண்டு விரிவாகப் பதிவு செய்தார். 1959இல் திறக்கப்பட்ட பாஞ்செத் அணையின் நீர்த்தேக்கம் அதன் பெரும்பகுதியை விழுங்கியது. தொல்லியலாளர் தேபலா மித்ரா 1969இல் அதைப் பற்றி நூல் எழுதியபோது, அது மூழ்கிய ஊரின் வரலாறாகிவிட்டது.

கல்லில் அழிந்தது சொல்லில் எஞ்சியிருக்கிறது. இப்பகுதியில் வாழும் சராக் மக்களின் பெயர் 'சிராவக' என்பதன் திரிபு. இல்லறச் சமணரைக் குறிக்கும் அச்சொல்லே தமிழில் 'சாவகர்' என்றாகி மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்றது. சராக்குகளுள் பலர் நெடுங்காலமாக இந்துக்களாகவே வாழ்ந்துவரினும், ஆதிதேவ, தர்மதேவ, அனந்ததேவ முதலிய கோத்திரப் பெயர்களையும் புலால் மறுத்தலையும் கைவிடவில்லை. காய்கறி நறுக்கும்போது 'வெட்டு' என்னும் பொருள்படும் சொல்லைக்கூட அவர்கள் தவிர்த்ததாகக் காலனியக் காலக் குறிப்புகள் கூறுகின்றன. சமயத்தின் பெயர் மறந்த பின்னும் அதன் அறம் அடுக்களைப் பேச்சில் நிலைத்திருந்தது.

சொல்லின் வலிமையை இவ்வூர் மற்றொரு முறையும் உலகுக்குக் காட்டியது. மான்பூம் அப்போது பீகாரில் இருந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து, வங்கமொழி பேசும் தம் நிலத்தை வங்கத்தோடு இணைக்கக் கோரி, லோக் சேவக் சங்கத்தின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் 1956 ஏப்ரல் 20 அன்று நடைபயணம் புறப்பட்டனர். புறப்பட்ட இடம் பாக்பிர்ரா. மகளிரும் உடன் நடந்தனர். மே 6 அன்று ஹௌரா பாலத்தைக் கடந்து கொல்கத்தாவில் நுழைந்தனர், மறுநாள் கைதாயினர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று புருலியா மேற்கு வங்கத்தில் சேர்ந்தது. அதே நாளில்தான் சிதறால் அமைந்த குமரி நிலமும் தமிழகத்தோடு இணைந்தது.

ஆகவே பாக்பிர்ராவைச் சமணத் தலமாக மட்டும் காண்பது பாதி வரலாறே. தன் பழைய கடவுளின் பெயரை மறந்துவிட்ட ஓர் ஊர், தன் மொழியை மறக்க மறுத்து நடந்தது. அங்குச் செல்வோர் பைரவரின் முன் நிற்கையில் பீடத்துத் தாமரையையும் பார்க்கட்டும். அவ்வூரிலிருந்து கொல்கத்தா வரை நடந்தவர்களையும் நினைக்கட்டும்.