கன்ட்ரி இசையில் நிர்வாகப் பிடி

அமெரிக்கத் தென் மாநிலங்களின் கன்ட்ரி இசையில், பாட்டின் உரிமை யாருக்கு, பதிவு எங்கே, பக்கவாத்தியம் யார் என்பதையெல்லாம் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பாடகர்கள் முடிவு செய்யவில்லை.

முதல் பிடி பதிப்புரிமை. 1927இல் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனிக்காக இசைத்தட்டுப் பதிவு நடத்திய ரால்ஃப் பியர், பாட்டுக்கு 50 டாலர் கொடுத்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளியே தெரிந்தது அங்கேதான். மலைநாட்டு ஏழைகளுக்கு அந்த 50 டாலர் பெரும் பணம். பியர் கம்பெனியிடம் சம்பளம் வாங்கவில்லை. பாடல்களின் பதிப்புரிமையை வைத்துக்கொண்டார். கணக்குத் தெரிந்தவர்.

அடுத்த பிடி சனிக்கிழமை. நாஷ்வில் வானொலியின் சனிக்கிழமை நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடையில் இடம் கிடைத்தால் நாடெங்கும் பெயர். ஆனால் அங்கே கூலி சொற்பம். வெளியூர்க் கச்சேரிக்கு நல்ல காசு கிடைப்பதும் அதே சனிக்கிழமையில்தான். குடித்துவிட்டு நிகழ்ச்சிக்கு வராமலிருந்த பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ், புகழின் உச்சியிலேயே 1952இல் நீக்கப்பட்டார். ஆண்டுக்கு 26 முறை மேடையேறவில்லை என்று 1964 டிசம்பரில் ஒரு டஜன் பேரை அனுப்பிவிட்டார்கள்.

ராக் அண்ட் ரோல் சந்தையைப் பிடித்தபின் கட்டுப்பாடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளான ஆர்சிஏவில் செட் அட்கின்ஸும் டெக்காவில் ஓவன் பிராட்லியும் நாட்டு ஃபிடிலைக் குறைத்து வயலின் வரிசையையும் கோரஸையும் சேர்த்தார்கள். தட்டுக்குத் தட்டு வாசித்தவர்கள் பெரும்பாலும் அதே சிலர். இந்த ‘நாஷ்வில் ஒலி’ என்றால் என்னவென்று கேட்டால், அட்கின்ஸ் பையிலிருக்கும் சில்லறையைக் குலுக்கிக் காட்டுவாராம்.

பாடகர் வேலன் ஜென்னிங்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒத்துவரவில்லை. ஊர் ஊராகத் தன்னோடு வாசித்த குழுவைப் பதிவுக்கு அழைத்துவர முடியாது. கம்பெனிக் கூடத்தில், கம்பெனிப் பொறியாளரை வைத்துத்தான் பாட வேண்டும். 1972இல் நியூயார்க் மேலாளர் நீல் ரெஷன் ஆர்சிஏவோடு மல்லுக்கட்டி, பதிவைத் தானே முடிவு செய்யும் அதிகாரத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். கொலம்பியா கம்பெனியிடம் அதே உரிமை பெற்ற பாடகர் வில்லி நெல்சன், 1975இல் டெக்சாஸில் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ பதிவு செய்து அனுப்பியபோது, அதிகாரிகள் அதை மாதிரிப் பதிவு என்றே நினைத்தார்கள். அவ்வளவு குறைந்த வாத்தியம்! தட்டோ அமோகமாக விற்றது.

மறு ஆண்டே ஆர்சிஏ, வேலன், வில்லி உள்ளிட்டோரின் பழைய பதிவுகளைப் பெரும்பாலும் வைத்தே ஒரு தொகுப்பைக் கோத்தது. அட்டை, தேடப்படும் குற்றவாளிச் சுவரொட்டி போல. பெயர் ‘வான்டட்! தி அவுட்லாஸ்’. பத்து லட்சம் விற்று பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அதுதான்.