கறுப்புச் சில்லு கடந்து வந்த பாதை

கேம்பாய் கார்ட்ரிட்ஜின் முதுகில் ஒரே ஒரு திருகுதான். சாதாரணத் திருப்புளிக்கு அது மசியாது, 3.8 மில்லிமீட்டர் வாய் கொண்ட தனி முனை வேண்டும். கழற்றி மூடியைத் தள்ளினால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பலகை. அதன் அடிவிளிம்பில் 32 பற்கள், மேலே இரண்டு மூன்று கறுப்புச் சில்லுகள், பலவற்றில் ஓரத்தில் ஈயம் வைத்து ஒட்டிய நாணய பேட்டரி. இந்தப் பலகையில் ஒரு சில்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் விளையாட்டுச் சாமான் இசைக்கருவியாகிவிடும். வட சிலாங்கூரின் பாத்தாங் பெர்ஜுந்தை, ராசா மூசா, புக்கிட் ரோத்தான் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றலாம். அந்தச் சில்லு வந்த பாதையோ நம் லயத்து வாசலை ஒட்டித்தான் போயிருக்கிறது.

கையடக்க விளையாட்டுப் பெட்டியான கேம்பாய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நிண்டெண்டோவில் அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். எல்லாருக்கும் பழகிப்போய் விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் எண்ணாத வேலைக்கு அதைப் பயன்படுத்துவது அவருடைய வழி. அதனால்தான் திரையில் வண்ணமில்லை. நான்கு பேட்டரியில் பல மணி நேரம் ஓடியது. ஒலிக்கும் அதே சிக்கனம். மொத்தம் நான்கு குரல்கள். இரண்டு சதுர அலை எழுப்பும். மூன்றாவதின் அலையை நாமே 32 புள்ளிகளால் வரையலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள். நான்காவது வெறும் இரைச்சல், அதிலிருந்துதான் ஜால்ராவும் தாளத் தட்டும் பிறக்கும். அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கையும் இடம் வலமாகப் பிரித்து ஹெட்போனுக்கு அனுப்ப அந்தப் பெட்டிக்குத் தெரியும்.

நம் பக்கம் தொண்ணூறுகளில் பாசார் மாலாம் மேசைகளில் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியும், ஒரே கார்ட்ரிட்ஜில் பல விளையாட்டுகளை அடைத்த போலிகளும் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் விளையாடினார்கள், அலுத்ததும் வைத்துவிட்டார்கள். கேம்பாய்ப் பெட்டியைப் பாட வைக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் இரண்டு இளைஞர்களுக்கு வந்தது. ஹாம்பர்க்கில் கலைக்கல்லூரி மாணவராக இருந்த ஒலிவர் விட்ச்சோவ் 1998இல் 'நானோலூப்' என்ற நிரலை எழுதினார். சுவீடனில் யோகான் கோட்லின்ஸ்கி 2000ஆம் ஆண்டில் 'லிட்டில் சவுண்ட் டிஜே'யை வெளியிட்டார், சுருக்கமாக எல்எஸ்டிஜே. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கேம்பாயின் எட்டுப் பொத்தான்களைக் கொண்டே முழுப் பாட்டையும் அமைக்கலாம்.

நிரல் எழுதிவிட்டார்கள். அதை எப்படி உள்ளே ஏற்றுவது? கடையில் வாங்கும் கார்ட்ரிட்ஜில் விளையாட்டு இருப்பது 'மாஸ்க் ரோம்' என்ற சில்லில். சில்லு செய்யும்போதே நிரல் அதன் சிலிக்கான் அச்சிலேயே பதிந்துவிடும். பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும், அதற்கும் நிண்டெண்டோவின் அனுமதி வேண்டும். தனி மனிதன் அந்த வாசலுக்குள் நுழைய வழியே இல்லை. அழித்து அழித்து எழுதக்கூடிய நினைவகம் ஒன்று வேண்டியிருந்தது.

அது ஏற்கனவே பிறந்திருந்தது. தோஷிபாவில் வேலை செய்த புஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை 1984இல் உலகுக்கு அறிவித்தார். சுற்றிலும் மின்காப்பு அடைத்த ஒரு நுண்ணிய தீவுக்குள் எலக்ட்ரான்களை ஏற்றிவிடுவதுதான் அதன் நுட்பம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து இழுத்தால்தான் வெளியேறும். 1988இல் இன்டெல் அதை வணிகச் சரக்காக்கியது. நம் கதைக்கு வேண்டிய சில்லு ஏஎம்டி நிறுவனத்தின் 29எஃப் வரிசை. அதில் 29எஃப்016 என்பது இரண்டு மெகாபைட் கொள்ளும். 64 கிலோபைட் கொண்ட 32 பகுதிகளாகப் பிரிந்திருக்கும். படிக்க, எழுத, அழிக்க மூன்றுக்கும் ஐந்து வோல்ட் ஒன்றே போதும். கேம்பாயும் ஐந்து வோல்ட் இயந்திரம். விளையாட்டுப் பெட்டியை மனத்தில் வைத்து யாரும் அந்தச் சில்லைச் செய்யவில்லை, ஆனாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற்போல் பொருந்தின.

இனிதான் கதை நம் பக்கம் வருகிறது.

மலேசியாவில் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம் 1971இல் வந்தது. அடுத்த ஆண்டே பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல், ஏஎம்டி, ஹித்தாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் எல்லாம் ஆலை திறந்தன. சிலாங்கூரில் சுங்கை வே மண்டலம் எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வட்டத் தகடாக வரும் சிலிக்கானை இங்கே துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியால் கால்களோடு இணைத்து, கறுப்புப் பிசினில் மூடி, சோதித்து அனுப்புவார்கள். தொடக்க காலத்தில் அந்தத் தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டு கையால் இணைத்தவர்கள் பெண்கள். ஏஎம்டியின் ஃபிளாஷ் பிரிவு பின்னாளில் ஸ்பான்சியன் என்ற தனி நிறுவனமானபோது அதன் பொதி ஆலைகளில் கோலாலம்பூரும் பினாங்கும் இருந்தன.

அதே காலத்தில் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். பிறகு நிலமே வீட்டுமனைக்குப் போனது. அம்மா பால்வெட்டிய தோட்டத்திலிருந்து மகள் விடியுமுன் சந்திக்கு நடந்து ஆலைப் பேருந்தில் ஏறினாள். சீருடை, தலைமூடி, மூன்று ஷிப்டு, மாதச் சம்பளம். கிராணியும் மண்டோரும் இல்லாத வேலை என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. கண் எரிச்சலையும் இரவு ஷிப்டுத் தூக்கக் கலக்கத்தையும் அவர்கள் அதிகம் பேசியதில்லை. நம் தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் பால்வாளியையும் கோவிலையும் பள்ளியையும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆலைப் பேருந்து ஏறிய அந்தத் தலைமுறைப் பெண்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் உலகப் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாக இன்று பெருமையோடு சொல்கிறோம். அந்த இடம் இவர்கள் கண்ணை வருத்தி உண்டாக்கியது.

பழைய சில்லு ஒன்று கையில் கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிறுவனத்தின் குறி, வரிசை எண், பல சில்லுகளில் நாட்டின் பெயர், கூடவே பெரும்பாலும் நான்கு இலக்கம். 9743 என்று இருந்தால் 1997ஆம் ஆண்டின் 43ஆம் வாரம். அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் அது. ஊரே பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நாட்களில் யாரோ ஷிப்டில் உட்கார்ந்து அதைப் பொதிந்திருக்கிறார்கள்.

ஆலையிலிருந்து சில்லு முதலில் போனது கணினிகளுக்கும் தொலைத்தொடர்புப் பெட்டிகளுக்கும். இசைக்காரர்கள் கைக்கு அது வர வழி அமைத்தவர்களில் ஹாங்காங்கின் பங் நிறுவனம் முக்கியமானது. அவர்களுடைய ஜிபி எக்ஸ்சேஞ்சர் கணினியின் அச்சுப்பொறித் துளையில் செருகிக் கார்ட்ரிட்ஜில் எழுதும் கருவி. விளையாட்டுகளைத் திருட்டுப் பிரதி எடுக்கவும் அது பயன்பட்டதால் நிண்டெண்டோ வழக்குத் தொடுத்தது, நிறுவனம் மூடப்பட்டது. தொடக்க கால எல்எஸ்டிஜே பாட்டுகள் பல அந்தக் கார்ட்ரிட்ஜுகளில் பிறந்தவை. அவை அரிதானதும்தான் வீட்டில் செய்துகொள்ளும் வழக்கம் வேரூன்றியது.

வீட்டு வேலை இப்படி நடக்கும். நினைவகத்தை நிர்வகிக்கும் எம்பிசி5 என்ற சில்லு உள்ள பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்று வேண்டும். கேம்பாய் ஒரு நேரத்தில் 32 கிலோபைட் நிரலை மட்டுமே பார்க்கும். எம்பிசி5தான் பெரிய நிரலின் பக்கங்களைப் புரட்டிக் காட்டும். அந்தப் பலகையிலிருந்து மாஸ்க் ரோமை வெப்பக்காற்றால் கழற்றி, 29எஃப் சில்லின் கால்களை மெல்லிய கம்பியால் இணைப்பார்கள். சில்லின் கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. நல்ல ஃப்ளக்ஸ், கூரான முனை, பொறுமை மூன்றும் இருந்தால் இதற்கு ஒரு மாலை நேரம் போதும். அருமையான விளையாட்டு உள்ள கார்ட்ரிட்ஜை இதற்காகக் கொல்வது எனக்குச் சம்மதமில்லை. இப்போது பலகை வரைபடங்களைப் பலர் இலவசமாகத் தருகிறார்கள், சீனாவின் சென்ஜெனில் அச்சடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள். பாழான கார்ட்ரிட்ஜிலிருந்து எம்பிசி5ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மலிவாகக் கிடைக்கும் போலிப் பலகைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3.3 வோல்ட்டுக்குச் செய்த ஃபிளாஷ் சில்லை இடையில் எந்த மாற்றியும் இல்லாமல் ஐந்து வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். இன்று ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை, கேம்பாய்க்கும் அது நல்லதல்ல.

ஃபிளாஷ் சில்லில் எழுதுவதற்குத் தனி முறை உண்டு. 555 என்ற முகவரியில் ஏஏ, 2ஏஏ என்ற முகவரியில் 55, மீண்டும் 555இல் ஏ0 என்று வரிசையாகச் சொன்னால்தான் அது தாழ் திறக்கும். தவறுதலாக எதுவும் அழியாமலிருக்க இந்தக் காவல். கேம்பாய் கார்ட்ரிட்ஜில் இன்னொரு தடை. நிரல் இருக்கும் இடத்தில் எழுதப் போனால் அந்தக் கட்டளையை எம்பிசி5 தனக்கென்று எடுத்துக்கொண்டு பக்கம் புரட்டிவிடும். எழுதும் சைகையை வேறு பல் வழியாகக் கொண்டுபோக வேண்டும். வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது 31ஆம் பல்லை. கார்ட்ரிட்ஜ் தன் சொந்த ஒலியைக் கேம்பாய்க்குள் அனுப்பலாம் என்று நிண்டெண்டோ விட்டுவைத்த வழி அது. விளையாட்டு செய்தவர்கள் அதைத் தொடவே இல்லை எனலாம். இசைக்கென்று ஒதுக்கி ஆளில்லாமல் கிடந்த அந்தப் பல் வழியாகவே இசை நிரல் உள்ளே ஏறுகிறது. இந்த ஏற்பாட்டை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நிரலின் தலைப்பகுதியில் 48 பைட்டுகள் நிண்டெண்டோவின் சின்னம். பெட்டி விழித்ததும் தன்னிடமுள்ள பிரதியோடு அதை ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு சொந்தமாகச் செய்த கார்ட்ரிட்ஜும் அந்தச் சின்னத்தைச் சுமந்தே தீர வேண்டும்.

இதில் இரண்டு நினைவகங்கள் உண்டு என்பதை இசைக்காரர் மறக்கக்கூடாது. நிரல் ஃபிளாஷில் இருக்கிறது, அதற்கு மின்சாரமே வேண்டாம். பாட்டோ எஸ்ரேம் என்ற நினைவகத்தில் இருக்கிறது. எல்எஸ்டிஜேக்கு 128 கிலோபைட் எஸ்ரேம் வேண்டும், அதில் 32 பாட்டுகள் வரை சேமிக்கலாம். அந்த எஸ்ரேமை உயிரோடு வைத்திருப்பது சிஆர்2025 போன்ற நாணய பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் நிரல் அப்படியே இருக்கும், பாட்டெல்லாம் போய்விடும். பலகையில் ஒரு குட்டிக் காவல் சில்லும் இருக்கிறது. பொத்தானை அணைக்கும் நொடியில் மின்னழுத்தம் சரியும்போது குப்பை எதுவும் எஸ்ரேமில் விழாமல் கதவடைத்து, மின் வழியைப் பேட்டரிக்கு மாற்றிவிடுவது அதன் வேலை. சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டுச் செய்த கார்ட்ரிட்ஜில் நல்ல பாட்டை நம்பி வைக்காதீர்கள். பேட்டரியை மாற்றுவதற்கு முன் பாட்டுகளைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள்.

சரி, அதில் நாம் என்ன வாசிப்பது? திருவிழாக் காலத்தில் உறுமி மேளம் கேட்காத தோட்டக் கோவில் நம் பக்கம் அரிது. தோலை வார்த்து, வளைகோலைச் சீவி, கருவியைத் தானே பழுதுபார்க்கும் இளைஞர்கள் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். கருவியின் உள்ளுறுப்பு அறிந்தவனுக்கே அது முழுதாகக் கைவரும் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. எல்எஸ்டிஜேயில் ஒரு அடி வழக்கமாக நான்கு படி, ஒரு படிக்கு ஆறு துடிப்பு, ஆக 24. படிக்கு எட்டுத் துடிப்பு என்று மாற்றி மூன்று படி வைத்தால் அதே 24இல் திஸ்ரம் வந்துவிடும். 16 படியுள்ள வரியை 12இல் முடித்து அடுத்ததற்குத் தாவச் சொல்ல வேண்டும். கண்டத்துக்கு 24ஐ ஐந்தால் வகுக்க முடியாது. 5, 5, 5, 5, 4 என்று வைத்தால் கடைசிப் படி கொஞ்சம் குறுகும். அந்தக் குறுகலைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கை வாசிப்பிலும் அந்த இழுப்பு உண்டு. உறுமியின் இடப்பக்கத்தில் கோல் தேய்க்கும்போது எழும் விம்மலுக்கு மூன்றாவது குரலே சரி. 32 புள்ளியில் கொஞ்சம் கரடான அலையை வரைந்து, சுருதி வளைக்கும் 'பி' கட்டளையைக் கொடுங்கள். கீழ்ச் சுருதியில்தான் வளைவு வழுக்கும். அந்தச் சில்லு அதிர்வெண்ணை வகுத்தே பெறுவதால் மேலே போகப் போகப் படிக்கட்டாக உடையும்.

மேடைக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு சிறு வேலை. ஹெட்போன் துளைக்கு வருமுன் ஒலி ஒரு மலிவான பெருக்கி வழியாகப் போய் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. ஒலியளவுச் சக்கரத்தின் கால்களிலேயே கம்பி ஒட்டி, தனித் துளை வழியாக வெளியே எடுத்தால் அடிக்குரல் சுத்தமாக வரும். அங்கிருந்து நேரே மிக்சருக்குள். உறுமிக் குழுவிடம் மிக்சரும் ஒலிபெருக்கியும் ஏற்கனவே இருக்கின்றன.