ஒரே ஒலி, இரண்டு வரலாறுகள்

சீன நடிகை யாவ் சென் 1979இல் ஃபூஜியான் மாகாணத்தில் பிறந்தவர். 2006இல் ஒளிபரப்பான ‘வூலின் வாய்ஜுவான்’ என்ற நகைச்சுவைத் தொடரில் சத்திரத்து வேலைக்காரியாக நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமானார். ‘ச்சியான்ஃபூ’ என்ற உளவுத் தொடரில், ஒற்றர் ஒருவருக்குப் போலி மனைவியாக அனுப்பப்படும் கிராமத்துப் போராளிப் பெண்ணாக அவர் வாழ்ந்து காட்டினார். 2013இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் அவரை நல்லெண்ணத் தூதராக்கியது. 2019இல் வந்த குடும்பத் தொடர் ஒன்றில், மகன்களுக்கே எல்லாம் கொடுக்கும் வீட்டில் ஒதுக்கப்பட்ட மகளாக வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பினார். தென்சீன மலைகளில் யாவ் என்றொரு பழங்குடி வாழ்கிறது என்று தெரிந்தவர்கள், இவரும் அந்த இனத்தவர்தானோ என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்டுவது தவறு. நடிகையின் குடும்பப் பெயரும் இனத்தின் பெயரும் ஒலியில் ஒன்று. எழுத்தில் வேறு, பிறந்த இடத்தில் அதைவிட வேறு. முதலாவது அரியணையைச் சுற்றி வளர்ந்தது. இரண்டாவது அரசின் வேலை வரிக் கணக்கிலிருந்து வந்தது.

குடும்பப் பெயரான யாவ், புராணகால மன்னர் ஷுன்னிடமிருந்து தொடங்குகிறது என்பது சீன மரபு. ஷுன் வரலாற்று மனிதர்தானா என்பதைவிட, அவருடைய வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள் யார் என்பதே இங்கே முக்கியம். கி.பி. 384இல் பிந்தைய ச்சின் அரசை நிறுவிய யாவ் சாங், ஹான் இனத்தவர் அல்லர். மேற்கிலிருந்து வந்த ச்சியாங் குடியினர். அந்தக் குடும்பத்தின் பூர்விகத்தையும் ஷுன்னோடுதான் பழைய வரலாற்று நூல் இணைக்கிறது. யாவ் சாங்கின் மகன் யாவ் சிங்தான் 401இல் பௌத்தத் துறவி குமாரஜீவரைச் சாங்கான் நகருக்கு வரவழைத்து, பௌத்த நூல்களை மொழிபெயர்க்கச் செய்தவர். ஆக, இந்தக் குடும்பப் பெயருக்குள்ளேயே பல இனங்கள் கலந்திருக்கின்றன. இனத்தைக் காட்டுவதற்குப் பதில், ஆட்சியுரிமை கோரியவர்கள் எந்த மூதாதையைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதையே அது காட்டுகிறது.

யாவ் மக்களின் கதை எதிர்த்திசையில் செல்கிறது. சுயி வம்ச வரலாறு, ஹூனான் பகுதியில் ‘மோயாவ்’ என்ற மக்களைக் குறிப்பிடுகிறது. முன்னோர்கள் செய்த தொண்டுக்காக அரசின் கட்டாய வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்பதே அந்தப் பெயருக்கு அது தரும் விளக்கம். யாவ் குடும்பங்கள் காத்துவைத்த ‘மலை கடக்கும் சாசனம்’ இதையே விரிவாகச் சொல்கிறது: மூதாதை பான்ஹுவின் 12 குலங்கள் வரி கட்டாமல் மலைகளில் உழுது வாழலாம். பின்வந்த அரசுகள் இவர்கள் பெயரை நாயைக் குறிக்கும் உறுப்புச் சேர்த்து எழுதி இழிவு செய்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் அது நீங்கி, பச்சைக்கல்லைக் குறிக்கும் உறுப்பு வந்தது. இன்று குவாங்சி, ஹூனான், குவாங்தோங், யுன்னான் பகுதிகளில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த இனத்தவராகக் கணக்கிடப்படுகிறார்கள்.

‘ஃபூஜியானிலும் பான்ஹுவை வணங்கும் ஷெ மக்கள் இருக்கிறார்களே, தொடர்பு இருக்கக் கூடாதா?’ என்று கேட்கலாம். ஷெ மக்களின் மரபான குலப்பெயர்கள் பான், லான், லெய், ஜோங். யாவ் இனத்தவரிடம் பெருவாரியாக உள்ளவை பான், டெங், ஜாவ், லீ, ஃபெங். இரண்டு பட்டியலிலும் யாவ் இல்லை. ‘நூற்றாண்டுகளாகக் கலந்த மண்ணில் யாருக்கு எந்த மூதாதை என்று எப்படிச் சொல்வது?’ என்ற கேள்வி இன்னும் வலுவானது. கலப்பு நடந்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எந்தக் குடும்பப் பெயருக்கும் பொருந்தும். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் அது கூடுதலாக நிரூபணமாகிவிடாது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதை வெறும் எழுத்து ஆராய்ச்சி என்று ஒதுக்கவும் முடியாது. அரசின் பிடிக்கு வெளியே வாழும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகச் சாசனத்தில் காத்த ஒரு மக்களை, புகழ்பெற்ற ஒருவரின் பெயரில் கரைத்துவிட்டால், அவர்கள் எதற்காக மலையேறினார்கள் என்ற கேள்வியே மறைந்துபோகும். அந்தக் கேள்விக்கான விடை அவர்களுடைய சாசனங்களில்தான் இருக்கிறது. அங்கேதான் அதைத் தேட வேண்டும்.

(தொடரும்)