வினாவும் வழியும்

பிழைப்பின் பொருட்டுப் புதிய நகரில் வந்திறங்கும் நாம், வண்டிக்காரரிடம் விலாசத்தை மட்டும் சொல்கிறோம். எந்தத் தெரு வழியே போவது என்பதை அவர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அவர் ஊரறிந்தவராயின் விரைவில் வீடு சேர்கிறோம். இல்லையேல் பொழுதும் பணமும் வீணாகின்றன. கணிப்பொறித் தரவுத்தளங்களின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே.

1960களில் தரவுத்தளத்தில் பதிவுகள் சுட்டிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. வேண்டிய செய்தியை அடைய ஒவ்வொரு திருப்பத்தையும் நிரல் எழுதுவோரே வகுக்க வேண்டியிருந்தது. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் எட்கர் காட் வேறொரு நெறியைக் காட்டினார். தகவல்கள் எளிய அட்டவணைகளாக இருக்கட்டும். நாம் வேண்டுவதை மட்டும் கேட்போம். வழியைக் கணிப்பொறி தேடிக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். அனுபவமிக்க மனிதர் வகுக்கும் வழிக்குப் பொறியின் வழி ஈடாகுமா என்று ஐயுற்றோர் பலர்.

விரைந்து தேடுவதற்கு ஒரு கருவி அக்காலத்திலேயே கிடைத்தது. ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் 1972இல் வெளியிட்ட 'பி-மரம்' என்னும் சுட்டுவரிசை அது. ஒவ்வொரு கிளையும் நூறாகப் பிரியுமாயின், 10 லட்சம் பதிவுகளுள் ஒன்றை மூன்றே படிகளில் அடையலாம். ஆயினும் பெரும்பாலான பதிவுகளும் வேண்டுமெனில், அட்டவணையை முதலிலிருந்து முடிவுவரை படிப்பதே சிக்கனம்.

எப்போது எவ்வழி? இதற்கு விடையளித்தவர், சான் ஹோசே ஆராய்ச்சிச்சாலையில் 'சிஸ்டம் ஆர்' திட்டத்தில் பணியாற்றிய பட்ரீசியா செலிங்கர். 1979இல் அவரும் தோழர் நால்வரும் வெளியிட்ட முறைப்படி, கணிப்பொறி பல வழிகளுக்கும் முன்கூட்டியே செலவுக் கணக்கிடும். வட்டிலிருந்து எத்தனை பக்கங்கள் படிக்க நேரும், எத்தனை பதிவுகளைக் கையாள நேரும் என மதிப்பிட்டுக் குறைந்த செலவுள்ளதைத் தேர்ந்தெடுக்கும். பிற்காலத் தரவுத்தளங்கள் பலவும் இவ்வடிப்படையையே பின்பற்றின.

ஆனால் மதிப்பீடு என்பது மதிப்பீடே. விவரம் கிடைக்காத இடத்தில், வினாவுக்குப் பொருந்துவன பத்தில் ஒரு பங்கு என்று அம்முறை ஊகித்துக்கொண்டது. 1,000 வரிகள் இருந்த அட்டவணை 10 லட்சமாகப் பெருகிய பின்னும் பழைய எண்ணிக்கையையே நம்பினால், வழி தவறுவது உறுதி.

ஆகவே வினா தாமதிக்கும்போது, கணிப்பொறி தேர்ந்த வழியை முதலில் பார்ப்போம். அதன் புள்ளிவிவரங்களைப் புதுப்பிப்போம். அடிக்கடி தேடும் இடத்தில் மட்டும் சுட்டுவரிசை அமைப்போம். எங்கும் அமைத்தாலோ, ஒவ்வொரு புதிய பதிவையும் அத்தனை வரிசைகளிலும் எழுத நேரும். ஊர் மாறியதைத் தெரிவிக்காமல் வண்டிக்காரரை நொந்து பயனில்லை அன்றோ?