போல்ட்டில் நிற்கும் கார்

என் வீட்டு ஷெட்டில் நிற்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் செய்த வண்டி. இதன் மூல வடிவம், இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்ட். பாடியும் சேஸியும் ஒன்றான கார்கள் பெருகிய காலம் அது. பாடி செய்து தந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கிவிட, டிரையம்ஃபுக்கு வேற வழியில்லை. தனி சேஸி செய்து, பல துண்டுகளான பாடியை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கு அது பழைய பாணி. இன்னிக்கு எனக்கு அதுதான் கை கொடுக்குது: துருப்பிடிச்ச துண்டை மட்டும் கழற்றினால் போதும்.

டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கேன். "அப்போ இது ஒரிஜினல் இல்லையே?" என்கிறார்கள் நண்பர்கள். டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்காக நான்காக்கியது மெட்ராஸ். அந்த ஆலை 1980-களின் இறுதியில் மூடிவிட்டது. மாற்றுகிற வேலை மட்டும் ஷெட்டுகளில் தொடர்கிறது.